நூற்றிருபதுக்குள் ஒரு ஹோரோ

குளிர்காலத்தில் என் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்கலாம், ஆடலாம், ஆனால் நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக்கூடாது என்றார் டாக்டர். தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். தாண்டாமல் இருந்தால் அது தெரியவேண்டியதில்லை என்றார். படித்தவர்கள் இப்படித்தான் பதில் சொல்வார்கள்.

நடப்பதில் எனக்கு ஆசை இல்லை. எங்கள் ஊர் ஸ்லிவெனில், வாசகசாலை மண்டபத்தில், செவ்வாயும் வியாழனும் ஹோரோ ஆடுவோம். எல்லோரும் கைகோத்து ஒரே வரிசை. வரிசையின் தலையில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு போகிறவன் நான். என் இடக்கையைப் பிடித்திருப்பவள் என் மனைவி தோன்கா. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கைக்குட்டை பென்யோவிடம் போய்விட்டது. பென்யோ டவுன்பஸ் ஓட்டியவன். ஆடும்போதும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக் போடுவான். மே மாதம் புனித கியோர்கி நாளில் ஊர்ச் சதுக்கத்தில் ஆடவேண்டும். அதற்குள் கைக்குட்டையைத் திரும்ப வாங்காவிட்டால், அவன் அதை அப்பன் சொத்தாக்கிவிடுவான்.

தோன்கா ஒரே நிபந்தனை போட்டாள்.

"நாடி பாக்கற கடிகாரம் ஒண்ணு வாங்கிக் கட்டு. நூத்திருவதத் தாண்டுச்சு, கையப் புடிச்சு வெளிய இழுத்துருவேன். பாட்டு முடியட்டும்னெல்லாம் பாக்க மாட்டேன்."

"கழுத்துல வெரல வச்சு நானே எண்ணிக்கிறேன்டி."

"நின்னு எண்ணும்போதே நடுவுல யாரையாவது திட்டிட்டு கணக்க விட்டுருவே. ஆடிக்கிட்டே எண்ணப் போறியாக்கும்."

அதனால் கடைக்குப் போனேன். வழியில் கசாப்புக் கடையில் ஒரு காய்ந்த பன்றி சாசேஜ் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், இரவுச் சாப்பாட்டுக்கு.

கடைப் பையன் தாடியை அளவெடுத்து வெட்டியிருந்தான். இருப்பதிலேயே மலிவானதை எடுத்து வைத்தான்.

"தாத்தா, இது நடைய எண்ணும், தூக்கத்த அளக்கும், மன அழுத்தத்தையும் சொல்லும்."

"தூங்குனேனா இல்லையான்னு எனக்கே தெரியும். நெஞ்சப் பாக்குமா?"

"பாக்கும்."

"உண்மையாப் பாக்குமா?"

"பின்ன என்ன பொய்யாவா பாக்கும்?"

விற்கிறவன் கேள்விக்குக் கேள்வி கேட்டால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். பையிலிருந்து சாசேஜை எடுத்து, கடிகாரத்தை அதன் இடுப்பில் கட்டினேன். அடியில் பச்சை விளக்கு மினுக்கியது. கொஞ்ச நேரத்தில் எண் வந்தது: எழுபத்தாறு.

"இந்தப் பன்னிய டிசம்பர்லயே அறுத்தாச்சு" என்றேன்.

பையன் குனிந்து பார்த்தான். "நல்ல நம்பர்தான்" என்றான்.

அடுத்த விலையில் ஒன்றைக் கட்டினேன். தொண்ணூற்றொன்று. கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த விலை கூடியதைக் காட்டச் சொன்னேன். ஐம்பத்தெட்டு.

"ஓட்டப்பந்தயக்காரங்களுக்குத்தான் தாத்தா இப்படி வரும்."

"தாத்தான்னு கூப்பிடாதே. இன்னொண்ண எடு."

சாம்பல் நிறப் பட்டை போட்ட ஒன்று மட்டும் எண்ணுக்குப் பதில் இரண்டு கோடுகளைக் காட்டியது. போன வருஷத்துச் சரக்கு என்பதால் விலையும் குறைவு. அதையே வாங்கினேன். மற்றவற்றின் மேல் ஒட்டியிருந்த கொழுப்பைப் பையன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் கட்டிப் பார்த்தேன், எழுபது. தோன்கா என் கழுத்தில் விரல் வைத்து, அடுக்களைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எழுபது. சரி, யோக்கியமான பொருள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்குப் போனதும் பென்யோ கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தான், என் நோய் அதில் ஒட்டியிருப்பதுபோல. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ருமெனா பாட்டைப் போட்டாள். மெதுவான நேர் ஹோரோதான். இரண்டாவது சுற்றில் தோன்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் மணிக்கட்டைப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தெட்டு. சொன்னபடியே இழுத்தாள். வரிசை எங்களைத் தாண்டிப் போனது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலடி. மூச்சுகூட வாங்கல. கழுத்துல வச்சுப் பாரு."

வைத்து எண்ணினாள். தொண்ணூற்றெட்டு.

"பாத்தியா?"

"கடிகாரத்துக்குக் காசு குடுத்திருக்கோம். வெரலுக்குக் குடுக்கல" என்றாள்.

பாட்டு முடிந்ததும் ருமெனா வந்தாள்.

"மாமா, ஒக்காந்தபடியே கைய வீசுங்க. ஹோரோல வீசற மாதிரி."

வீசினேன். எண் ஏறியது. நூற்றுப் பத்து, நூற்று முப்பது, நூற்று ஐம்பது.

"இது நெஞ்ச எண்ணல, கைய எண்ணுது. கை வீசற ஆட்டத்துல இந்த மாதிரி கடிகாரம் கொழம்பிரும். சைக்கிள்காரங்க நெஞ்சுல பட்டை கட்டுவாங்க பாருங்க, அதுதான் உங்களுக்கு ஆகும்."

நான் தோன்காவைப் பார்த்தேன். "என் கைய அவ்ளோ வேகமா வீசுனது யாரு?"

"நான்தான். நீ அதச் சவம் மாதிரி தொங்கப் போட்டா யாராவது வீசணும்ல."

பென்யோ தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தான். "கைக்குட்ட எங்கிட்டயே இருக்கட்டும்டா ஸ்தாமென். எனக்குக் கடிகாரமே வேணாம்."

"ஒனக்கு என்னைக்குடா வேணும்னு இருந்துச்சு? பஸ்ஸயே அப்படித்தானே ஓட்டுனே."

மறுநாள் சாம்பல் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தாடிப் பையன் உடனே பணத்தைத் தந்தான். அவன் கண் என் பை மேலேயே இருந்தது.

சைக்கிள் கடையில் பழைய பட்டை ஒன்று கிடந்தது. அதோடு சேர்ந்த கடிகாரத்தில் மணி தெரியும், நாடி தெரியும், வேறு எதுவும் தெரியாது. தூக்கத்தை அளக்காது என்பதால் விலை சாம்பல் கடிகாரத்துக்கும் கீழே.

"இத யார் கட்டிட்டிருந்தது?"

"இங்க வர்ற ஒருத்தர். வேற வாங்கிட்டாரு."

"உசுரோட இருக்காரா?"

"நேத்துகூட டயர் மாத்திட்டுப் போனாரே."

பட்டையின் உள்பக்கத்தை எச்சிலால் நனைத்து நெஞ்சில் கட்டவேண்டும் என்றான் கடைக்காரன். கடையிலேயே சட்டையைக் கழற்றிக் கட்டினேன். கையை வீசினேன், எழுபத்திரண்டு. இன்னும் வேகமாக வீசினேன், டயர் ஒன்று அடுக்கிலிருந்து விழுந்தது. எழுபத்திரண்டு. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் ஓடுவதில்லை. ஐந்தாவது மாடிவரை ஏறி வாசலில் நின்றேன், நூற்றுப் பன்னிரண்டு. தோன்காவின் விரலும் அதையே சொன்னது. அவளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதற்குப் பிறகு கைக்குட்டை எனக்குத்தான். நேர் ஹோரோவில் நூற்று நாலு, நூற்று எட்டு. தோன்கா ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தாள், இழுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மீதியிருந்தது ராச்செனிட்சா. சதுக்கத்தில் கடைசியாக ஆடுவது அதைத்தான். காலைக் குத்திக் குத்தி எடுத்து வைக்கவேண்டும், மூச்சு விட இடம் கிடையாது. ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது அதைத் தலைமை தாங்கியவனைத்தான்.

ஏப்ரல் கடைசியில் ருமெனா அதைப் போட்டாள். பாதிப் பாட்டில் பார்த்தேன். நூற்று இருபத்தொன்று. இன்னொரு சுற்று போனேன், நூற்று முப்பத்தொன்று. நெஞ்சு சும்மாதான் இருந்தது. வேக ஆட்டத்தில் பறந்துவிடும் என்று தோன்கா கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாள். எண் அவளுக்குத் தெரியாது.

"எவ்ளோ?" என்று கத்தினாள்.

நூற்றுப் பதினைந்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடை கடையாய் ஏறி இறங்கி, பொய் சொல்லாததாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டு பொய்யை நானே சொல்வதென்றால் கொடுத்த காசு தண்டம்.

"நூத்தி முப்பத்தொண்ணு" என்றேன்.

அவள் இழுக்கவில்லை. நானே வெளியே வந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை அவள் என்னை ஒன்றும் திட்டவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கியோர்கி நாளன்று சதுக்கம் நிறைய ஜனம். நேர் ஹோரோ எல்லாவற்றிலும் நான்தான் தலை. ருமெனா கை காட்டினாள், மேளக்காரன் ராச்செனிட்சாவுக்கு மாறினான். கைக்குட்டையைப் பென்யோவிடம் நீட்டினேன்.

"வளைவுல பிரேக் போடாதடா" என்றேன்.

"எனக்கே சொல்றியா" என்று போனான்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். எண் இறங்கிக்கொண்டிருந்தது. நூற்று ஒன்பது, நூற்று ஐந்து. பென்யோ முதல் வளைவிலேயே நின்றான். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். திரும்பக் கிளம்பினான், தப்புக் காலில். நூற்றுப் பதினான்கு. கைக்குட்டையை பஸ் கண்ணாடி துடைப்பதுபோல ஆட்டினான். நூற்றுப் பத்தொன்பது.

வரிசை என் பெஞ்சைக் கடக்கும்போது தோன்கா கத்தினாள். "எவ்ளோ?"

"நூத்தி இருவத்தி நாலு!"

"ஒக்காந்துக்கிட்டேவா?"

"அவன் ஆடறதப் பாருடி!"

"நீ பாக்காத! அந்தப் பக்கம் திரும்பி ஒக்காரு!"

திரும்பி உட்கார்ந்தேன். பாட்டு முடியும்வரை தபால் ஆபீஸ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று மூன்று.