அளவெடுக்கப் போனவள்

"டீச்சர், நீங்க வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். ஆமான்னா தலைய ஆட்டுங்க. இல்லேன்னா சும்மா நில்லுங்க. அவர் திரும்ப நடப்பாரா?"

பயிற்சிக் கூடத்தின் கதவை மறித்துக்கொண்டு லிஃப்ட்காரரின் மனைவி நின்றாள். ஒரு கையில் கணவருக்குத் துவைத்து எடுத்துவந்த சட்டைகள், மறு கையில் வேலைக்குப் போகும் பை. டீச்சர் தலையை ஆட்டவும் இல்லை, சும்மா நிற்கவும் இல்லை. "டாக்டர் வருவாரும்மா, அவர்கிட்ட கேளுங்க" என்று முணுமுணுத்துவிட்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளைப் போல உள்ளே நுழைந்துவிட்டாள்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கை கால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். சத்தமாக எண்ணுவாள், சாயங்காலத்துக்கு வீட்டுப்பாடம் கொடுப்பாள், செய்யாதவர்களை முறைப்பாள். அதனால் லிஃப்ட்காரர் வைத்த பெயர் அது. வைத்த வேளை எப்படிப்பட்டதோ, பெரிய டாக்டர் வரைக்கும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

லிஃப்ட்காரர் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுகிறவர். சாரப் பலகை சறுக்கி லிஃப்ட் குழிக்குள் விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கி, உள்ளே தண்டுவடமும் நசுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டினேன் டீச்சர். நான் குடியிருக்கற வீட்டுக்கு மட்டும் மாடிப்படி. அதுவும் மூணாவது மாடி. என் சாமர்த்தியம் எப்படி?"

"பேச்சுல காட்டற சாமர்த்தியத்த கையில காட்டுங்க. ம், தூக்குங்க."

தூக்குவார். இரண்டு கையிலும் எடையைப் பிடித்து, முகம் சிவக்கச் சிவக்கத் தூக்குவார். நடக்கப்போகிறோம் என்ற நம்பிக்கையில் தூக்குகிறார் என்பதுதான் டீச்சருக்கு உறுத்தியது.

வீக்கம் வடியட்டும், மறுபடி ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று டாக்டர் ஆரம்பத்தில் சொல்லியிருந்தார். நியாயமான பேச்சு. இப்போது வீக்கம் வடிந்து, படமும் எடுத்தாகிவிட்டது. டாக்டர் சோதித்து எழுதிய குறிப்பை டீச்சர் படித்திருந்தாள். இனி அவர் நடக்க வழியில்லை என்பதை அதைவிடத் தெளிவாக எழுத முடியாது. எழுதியவர் இன்னும் வாயால் சொல்லவில்லை. படித்தவளுக்குச் சொல்லும் உரிமை இல்லை.

சட்டம் அப்படி. உடம்பை எப்படி அசைப்பது, எப்படி உட்கார வைப்பது, எந்தத் தசைக்கு என்ன வேலை கொடுப்பது என்பதெல்லாம் பிசியோவின் பாடு. நோய் இன்னதென்று சொல்வதும், அது எங்கே போய் முடியும் என்று சொல்வதும் டாக்டரின் பாடு. கோட்டைத் தாண்டினால் தொழில் செய்வதற்கான பதிவே போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில் வேலை பார்த்த ஒருவர், ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு படத்தைத் தூக்கிப் பார்த்து, "இது கட்டி மாதிரி இருக்கே" என்று நோயாளியின் மகனிடம் சொல்லிவிட்டார். கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. அது தெரியவருவதற்குள் அந்தக் குடும்பம் அழுது தீர்த்துவிட்டது. ஒரு வருஷம் அவர் வேலை செய்யக் கூடாதென்று உத்தரவு வந்தது. அந்தக் குடும்பத்தின் அழுகையைக் கண்ணால் பார்த்தவள் என்பதால், சட்டத்தின் மேல் டீச்சருக்குக் கோபமில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாகத் தான் நிற்பதுதான் தாங்கவில்லை.

போதாததற்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்து குறுக்கே நின்றது. லிஃப்ட்காரரின் மனைவி ஒரு மழலையர் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். பள்ளிக்குப் பின்னால் தரையோடு தரையாக இரண்டு அறை காலியாக இருந்தது. "உன் கஷ்டத்துக்கு நீ வேணா எடுத்துக்கோ, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு, இல்லேன்னா காவலாளிக்குக் குடுத்துடுவேன்" என்றிருந்தார் பள்ளி முதலாளியம்மா. இவளோ வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவில் இருந்தாள்.

"அது இருட்டு வீடு டீச்சர். எங்க வீட்டு ஜன்னல்ல நின்னா கப்பல் போறது தெரியும். அவர் நடந்து வந்ததும், எதுக்கு இங்க கொண்டுவந்தேன்னு என்னத்தான் திட்டுவாரு."

அன்று மதியமே டீச்சர் டாக்டரின் அறைக்குப் போனாள். அவர் நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கத்தி பிடித்தால் கை நடுங்காது. கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால்தான் நாளை, நாளை மறுநாள் என்று நாளைக் கடத்துவார்.

"தெரியும்மா. நான்தான் சொல்லணும். போற போக்குல சொல்லிட்டுப் போற விஷயமா அது? ஒரு மணி நேரமாவது உக்காரணும். நாளைக்குச் சொல்லிடறேன்."

"வீட்டு விஷயம் ஒண்ணு இருக்கு சார். வெள்ளிக்கிழமைக்குள்ள..."

"நாளைக்குன்னு சொல்றேன்ல?"

நாளையும் வந்தது. கூடவே ஒரு பஸ் விபத்தும் வந்தது. டாக்டர் ஆபரேஷன் அறைக்குள் போனவர் போனவர்தான்.

டீச்சர் தன் துறைத் தலைவியிடம் போய் நின்றாள். எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடும் அந்த அம்மாள், கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"வாய விட்டே, உன்ன நானே காப்பாத்த முடியாது. தெரியும்ல?"

"தெரியும்க்கா. வீட்டப் பாக்கப் போகலாமா? அவர் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வாசல், படி, குளியலறை எல்லாம் பாக்கறது நம்ம வேலைதானே?"

"நம்ம வேலைதான். யார்கிட்டயும் கேக்க வேணாம்." பெரியக்கா அவளை உற்றுப் பார்த்தாள். "வேலைக்குத்தான் போறியா?"

டீச்சர் அளவு டேப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை டீச்சரும் லிஃப்ட்காரரின் மனைவியும் அவர்கள் வீடு இருந்த கட்டடத்தின் படிகளில் ஏறினார்கள். குறுகலான படி. எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். மனைவி மூச்சு வாங்காமல் ஏறினாள், பேச்சையும் நிறுத்தவில்லை. இங்கே கைப்பிடி வைத்துவிடலாம், அங்கே ஒரு ஸ்டூல் போட்டால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார், முதல் மாடி வீட்டுக்காரர் தங்கமானவர், கை கொடுப்பார்.

வீடு பளிச்சென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே உண்மையாகவே கடல், ஒரு சரக்குக் கப்பல். டீச்சர் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். படுக்கையறைக் கதவின் அகலத்தை அளந்து எழுதினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தை அளந்தாள். குளியலறை வாசலில் குனிந்தாள். அங்கே உயரமான ஒரு தடுப்பு, அதற்கு மேல் ஒல்லியான கதவு.

"அந்தக் கதவுல என்ன அளக்கறீங்க? அவரு ஒல்லிதானே, தாராளமா போவாரு."

டீச்சர் டேப்பைக் கதவில் மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"டீச்சர், எதுக்கு இவ்வளவு அகலம் பாக்கறீங்க?"

"நாற்காலி போகுமான்னு பாக்கறேம்மா. சக்கர நாற்காலி."

"கொஞ்ச நாளைக்குத்தானே நாற்காலி?"

இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லும் அதிகாரம் டீச்சருக்கு இல்லை. பொய் சொல்லும் மனமும் இல்லை. "இந்தக் கதவுல நாற்காலி போகாதும்மா" என்றாள். "படியில கண்டிப்பா ஏறாது. வீட்டப் பத்தி நான் சொல்லலாம். மத்தத டாக்டர்கிட்டதான் கேக்கணும்."

லிஃப்ட்காரரின் மனைவி அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"இதுக்குத்தான் வந்தீங்களா?"

"அளவெடுக்கறது என் வேலைம்மா..."

"என்னப் பாத்துச் சொல்லுங்க. அதுக்கு மட்டும்தான் வந்தீங்களா?"

டீச்சர் நிமிர்ந்தாள். "இல்ல."

"அன்னிக்கு வாசல்ல தலைய ஆட்டச் சொன்னேன். அது முடியல. இங்க வந்து, என் வீட்டுக்குள்ள நின்னு, ஒரு டேப்ப வெச்சுச் சொல்றீங்க." அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "போங்க டீச்சர். நான் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்."

டீச்சர் படியிறங்கினாள். கோட்டைத் தாண்டவில்லை, உண்மைதான். ஆனால் கோட்டின் மேல் நடந்து போய் எட்டிப் பார்த்தவளுக்கு, தாண்டவில்லை என்ற பெருமை எங்கிருந்து வரும்? பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அறையில் லிஃப்ட்காரரின் மனைவி அப்போதுதான் எழுந்துபோன நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. டாக்டரின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"நேரா வந்து கேட்டுட்டாங்க. நானும் சொல்லிட்டேன். கதவு அளந்தீங்களாமே?"

"ஆமா சார்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லல. டேப்பு சொல்லிடுச்சு. அப்படித்தானே?"

"அப்படித்தான் சார். வீட்டப் பாக்கறது என் வேலை. ஆனா அவங்களுக்கு என்ன புரியும்னு தெரிஞ்சுதான் போனேன். அத மறைக்கல."

அவர் கோபத்தில்தான் இருந்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். "புகார் எழுதலாம். எழுதினா ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும். வேலை செஞ்சதுக்கு நீங்க, செய்யாததுக்கு நான்." முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை இப்படிப் போகாதீங்க. என் கைய புடிச்சு இழுத்துட்டு வாங்க. நான் கத்தினாலும் விடாம இழுங்க."

"சரி சார்."

"வாங்க. அவர்கிட்ட இன்னும் சொல்லல. அந்தம்மா அங்கதான் இருக்காங்க."

டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே லிஃப்ட்காரரின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துவிட்டது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். நல்ல வார்த்தைகளாகத் தேடியெடுத்துச் சொன்னார். எந்த வார்த்தையில் சொன்னாலும் விஷயம் ஒன்றுதானே. மனைவி கணவரின் கையைப் பிடித்திருந்தாள்.

லிஃப்ட்காரரின் கண்கள் டீச்சரைத் தேடின.

"அப்ப இத்தன நாளா கைய தூக்கச் சொன்னதெல்லாம்? சும்மா என்ன ஏமாத்தவா?"

"இல்லண்ணே." இது தன் எல்லைக்குள் வரும் கேள்வி. டீச்சர் தயங்கவில்லை. "கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு நீங்களே மாறணும். நாற்காலிலேர்ந்து குளியலறைக்கு. யாரும் தூக்காம. அதுக்குக் கை வேணும், தோள் வேணும். அந்த ஒண்ணுக்குத்தான் உங்கள முறைச்சேன். முடியும்னு எனக்குத் தெரியும்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு பயிற்சிக்கு வர மறுத்துவிட்டார். டீச்சர் தினமும் போவாள். "இன்னிக்கு வேணாம்" என்பார். பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவாள். முறைக்கவில்லை, எண்ணவில்லை. அவரோடு பேசிப் பார்க்க ஒரு மனநல ஆலோசகரை அனுப்பும்படி டாக்டரிடம் கேட்டாள். அவர் அன்றைக்கே ஏற்பாடு செய்தார்.

ஒருநாள் டீச்சர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் வந்தபோது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பாமலேயே குரல் கொடுத்தார்.

"அது யாரு, பூனைய மிதிச்ச மாதிரி சத்தம்?"

"உங்களுக்குக் குடுத்திருக்கற நாற்காலிதான். பிரேக்கு பிடிக்கல."

"பிரேக்கு பிடிக்காத வண்டிலயா என்ன ஏத்தப் பாத்தீங்க? இங்க கொண்டாங்க." அவர் திரும்பினார். பிரேக்கை விரலால் தட்டிப் பார்த்தார். "போல்ட்டு தேஞ்சிருக்கு. சரியா பாக்கணும்னா குனியணும். எப்படி உக்கார்றது? வந்து சொல்லித் தாங்க. இடிச்ச புளி மாதிரி நிக்கறீங்க."

டீச்சர் சொல்லித் தந்தாள். முதல் தடவை சரிந்தார், இரண்டாம் தடவையும் சரிந்தார். திட்டினார். யாரைத் திட்டினார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே, டாக்டர் அறையிலிருந்து வந்த கையோடு ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே லிஃப்ட்காரரின் மனைவி பள்ளி முதலாளியம்மாவுக்குப் போன் செய்து, வீட்டை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். கணவரைக்கூடக் கேட்கவில்லை. அதைப் பற்றி அவர்களுக்குள் ஒரு பெரிய சண்டை நடந்து, பக்கத்துக் கட்டில்காரர்கள் நடுவராக இருந்து தீர்த்துவைத்தார்கள்.

டீச்சரிடம் மட்டும் அவள் சிரித்துப் பேசவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். குறை சொல்ல டீச்சருக்கு வாயில்லை.

அவர்கள் புது வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் டீச்சர் அங்கே போனாள். வீடு கொஞ்சம் இருட்டுதான். பள்ளிக் குழந்தைகளின் கூச்சல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. லிஃப்ட்காரர் கட்டிலிலிருந்து, நாற்காலிக்குப் பாலமாகப் போட்ட பலகையில் நகர்ந்து, கைகளை ஊன்றி, யார் உதவியும் இல்லாமல் நாற்காலிக்கு மாறிக் காட்டினார். உட்கார்ந்ததும், பரிசு வாங்கப்போகிறவரைப் போல மனைவியைப் பார்த்தார்.

"பாத்தேன், பாத்தேன்" என்றாள் அவள். "காலையிலேர்ந்து பத்து தடவை பாத்தாச்சு."

கிளம்பும்போது அவள் வாசல்வரை கூட வந்தாள். சட்டென்று டீச்சரின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உங்க மேல கோபம் இன்னும் போகல டீச்சர். போகும்னு நினைக்கறேன்."

"போகலேன்னாலும் பரவால்லம்மா."

"அதெல்லாம் போகும்." அவள் முன்னால் நடந்தாள். "வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன். இந்தத் தெருவுல ஒரு நாய் இருக்கு, புது ஆளப் பாத்தா விடாது."