கால் படாத உயரம்

ஐந்தருவிப் பக்கம் கோமதியம்மாள் ஆச்சி வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து அந்த ஸ்போர்ட்ஸ் காரை மூசா வெளியே இழுத்தபோது பாதி கார்தான் வந்தது. மீதி அங்கனயே தங்கிவிட்டது. மட்கார்டைப் பிடித்து இழுத்தான், மட்கார்டு மட்டும் தனியாகக் கையோடு வந்தது. கதவைத் தொட்டான், பொலபொலவென்று காலடியில் கொட்டியது. எட்டு வருஷச் சாரல் சும்மா விடுமா? சீமையிலிருந்து வந்த பச்சைக் கார், ரெண்டே ரெண்டு பேர் உட்காரும் கார், கூரையில்லாமல் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடிய கார், இப்போது செங்கல் நிறத்தில் மக்கிக் கிடந்தது.

மாட்டுவண்டியில் ஏற்றித் தென்காசியில் வீட்டை ஒட்டியிருந்த தன் பட்டறைக்குக் கொண்டுவந்தான். டீக்கடை பேச்சிமுத்து கடையை விட்டு இறங்கி வந்தே கேட்டான்.

"ஏலே மூசா, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போறியா, பேரீச்சம்பழத்துக்குப் போடப் போறியா?"

"ஒன் வாயில போடுததுக்குத்தாம்லே கொண்டு போறேன்" என்றான் மூசா. அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் அந்தக் காரைப் பற்றி யாராவது பேசிவிட்டால் போதும், கையில் இருக்கிற ஸ்பானர் பறக்கும்.

காரணம் இருந்தது. அந்தக் காரை ஓட்டியவன் அவன் கூடப்பிறந்த அண்ணன் யாக்கூப். ஆச்சியின் புருஷன் நம்பிராஜன் பிள்ளை, தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் அதை ஆசை ஆசையாக வாங்கி, யாக்கூப்பை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கவஸ்திரம் பறக்கப் பறக்கப் போவார். 1953-ல் ஒரு சாரல் காலை, ஐந்தருவி இறக்கத்தில் கார் நிற்காமல் போய் ஒரு மருத மரத்தில் மோதியது. பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார். யாக்கூப் கை முறிந்து பிழைத்தான்.

"பிரேக்கு மிதிச்சேன், மிதி எறங்கலை" என்றுதான் முதல் நாள் ஆஸ்பத்திரியில் சொன்னான். அதைக் கேட்க யார் இருந்தார்கள்? குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கள்ளுக்கடை இருந்த திசையில்கூடத் தலைவைத்துப் படுக்காத மனுஷன்! கோர்ட்டில் நின்றபோது அவன் பிரேக் பேச்சையே எடுக்கவில்லை. "என் தப்புதான்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டான். ஒரு வருஷம் ஜெயில். வெளியே வந்தவன் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டான். ஒரு வரி கடுதாசி கிடையாது. பெருநாளைக்குப் பெருநாள் அவன் பெண்டாட்டி ஜாஹிரா பீவிக்கு ஒரு சேலை மட்டும், கொழும்பில் அவன் வேலைபார்க்கிற கடையின் விலாசம் போட்ட பையில், யார் கையிலாவது வந்து சேரும். அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். ஒன்றையும் உடுத்தியதில்லை.

குடிகாரன் பெண்டாட்டி என்று தெருக்குழாயடியில் யாரோ சொன்ன அன்றுதான் மூசா முடிவு செய்தான். பிரேக் கெட்டுப்போயிருந்தது என்று காட்டிவிட வேண்டும். காட்டினால் அண்ணன் தலை நிமிர்ந்து வருவான், மைனி ஜாஹிராவும் பெட்டியைத் திறப்பாள். வருஷா வருஷம் ஆச்சி வீட்டில் போய்க் காரைக் கேட்டான். வருஷா வருஷம் திட்டு வாங்கித் திரும்பினான். 1961-ல் ஆச்சிக்கு என்ன தோன்றியதோ, "எடுத்துட்டுப் போய்த் தொலை" என்றாள். "ஆனா ஒண்ணு. பிரேக்கு கெட்டுக் கெடந்தாலும் வந்து சொல்லணும், நல்லா இருந்தாலும் வந்து சொல்லணும். மறைக்கக் கூடாது, ஆமா."

கொண்டுவந்த அன்றே சக்கரம் நாலையும் கழற்றிப் பிரேக்கைப் பிரித்தான். பிரித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிரேக் நன்றாக இருந்தது! துருவைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். குழாய் எங்கேயும் உடையவில்லை, ரப்பர் வாஷர் கிழியவில்லை, சிலிண்டருக்குள் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியென்றால் அண்ணன் மிதிக்கவே இல்லையா? நிஜமாகவே குடித்திருந்தானா? அன்றைக்கு மூசாவுக்குச் சோறு இறங்கவில்லை. மைனி முகத்தைப் பார்க்கவே கூசியது.

ஆச்சியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காரைச் செய்ய ஆரம்பித்தான். வீம்புதான், வேறென்ன? உருவாக்கி, அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டால் ஏதாவது புரியாதா என்று ஒரு நப்பாசை. இறுகிப்போன பிஸ்டன்களில் மண்ணெண்ணெயை ஊற்றி வாரக்கணக்கில் ஊறப்போட்டு மரச்சுத்தியலால் தட்டித் தட்டி அசைத்தான். சின்னச் சாமான்களைத் துரு போகப் புளிக்கரைசல் பானையில் முக்கினான். மைனி ஆட்டுக்கல்லில் அரைக்கிற நேரம் போக இதைக் கிளறிக் கொடுப்பாள். பாடிக்குள் மரச்சட்டம் என்று பேர், கையை வைத்தால் கறையான் மண். செங்கோட்டை ஆசாரி ஒருவரைப் பிடித்துத் தேக்கில் சட்டம் இழைத்தான். வளைந்த தகட்டை அடித்து நிமிர்த்தினான், நிமிராததை வெட்டிப் புதுசு ஒட்டினான். அடுத்த சாரலும் வந்து போய்விட்டது. பேச்சிமுத்துவே ஒரு நாள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு டீயை வைத்துவிட்டுப் போனான்.

கடைசியாக மிச்சம் இருந்தது முன்பக்கம், ஓட்டுகிறவன் கால் வைக்கிற இடம். மரத்தில் மோதியதில் அங்கே தகடு சப்பளிந்து, பிரேக் மிதியை இறுக்கிப் பிடித்திருந்தது. மோதலில்தான் மிதி மாட்டிக்கொண்டது என்று போலீஸ்காரர்களும் நினைத்தார்கள், மூசாவும் நினைத்தான். அதனால்தான் அதைத் தொடாமலே விட்டிருந்தான். ஒரு காலையில் உளியை வைத்து அந்தத் தகட்டைப் பிளந்தான். உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்தது.

விரல் நீளத்தில் செப்புக் குழல். இரண்டு முனையும் அடைத்தது. ஒரு முனையில் இற்றுப்போன கறுப்புக் கயிறு. மிதியின் தண்டுக்கும் அதன் கீழே குறுக்கே போகும் இரும்புக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல உட்கார்ந்திருந்தது. அதை மெல்ல நெம்பி எடுத்துத் திருப்பினான். மேல் பக்கம் நசுங்கியிருந்தது. மிதித்தண்டின் அச்சு அதில் அப்படியே பதிந்திருந்தது. சும்மா பதிந்த அச்சு இல்லை. உயிர்போகிற அவசரத்தில் ஒரு மனுஷன் மறுபடி மறுபடி மிதித்த அச்சு.

"யா அல்லாஹ்! அண்ணன் மிதிச்சிருக்கான்!" மூசாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த நிமிஷம் கோபமும் வந்தது. எந்த அறிவுகெட்டவன் இதைக் கொண்டுபோய் அங்கே கட்டினான்? ஆளை அனுப்பி ஆச்சியை உடனே வரச் சொன்னான். ஆச்சி குதிரைவண்டி பிடித்து வந்து இறங்கும் முன்னாலேயே கத்த ஆரம்பித்துவிட்டான்.

"ஆச்சி! பாருங்க, நல்லா பாருங்க! எங்க அண்ணன் குடிக்கவும் இல்ல, கூத்தடிக்கவும் இல்ல. தாயத்து! ஒங்க வீட்டுல எவனோ பூசாரி சொன்னான்னு கட்டுனது, அவுந்து விழுந்து மிதிக்கு அடியில சிக்கியிருக்கு. ஒங்க வீட்டுத் தப்புக்கு அவன் ஜெயிலுக்குப் போனான்!"

ஆச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு குழலை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இல்லலே மூசா" என்றாள் மெதுவாக. "எங்க வீட்டுல காருக்கு எலுமிச்சம்பழமும் துன்னூறும்தான். அவுகளுக்குத் தாயத்துன்னாலே ஆகாது, கண்டா பிடுங்கி எறிஞ்சிருவாக. இந்தக் கறுப்புக் கயிறு, இந்தக் குழலு, இது ஒங்க தெருவுல ஓதிக் கட்டுததுலா?"

மூசா குழலைத் திரும்ப வாங்கிக் கயிற்றைப் பார்த்தான். பின்னால் புளிப்பானை பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அது நான் கட்டுனது."

ஜாஹிரா பீவி தலை முட்டாக்கைக்கூடச் சரிசெய்யாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். கை முழுக்கப் புளி.

"அந்தப் பேய் வேகத்துல போற காரப் பாத்தாலே எனக்கு ஈரக்கொலை நடுங்கும் மூசா. பள்ளிவாசல் லெப்பைகிட்ட ஓதி வாங்குனேன். ஒங்க அண்ணன் காரக் கழுவ வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னைக்கி, அவரு அந்தப் பக்கம் தண்ணி எடுக்கப் போன நேரத்துல கட்டுனேன். வெளிய தெரிஞ்சா பிள்ளைவாள் கழத்தி எறிஞ்சிருவாகன்னு உள்ளுக்குள்ள கட்டுனேன். ஓதுனது, கால் படக்கூடாதுலா? அதனால ஸ்டேரிங்குக் கம்பியில, நல்லா உசரத்துலதான் கட்டுனேன். சத்தியமா உசரத்துலதான் கட்டுனேன்."

அந்தக் கம்பி சரிவாகக் கீழே, நேராக மிதிக்குத்தான் போகிறது. அது மூசாவுக்குத் தெரியும். அந்தக் கம்பியைத் துரு நீக்கி எண்ணெய் போட்டவன் அவன்தான். குலுங்கக் குலுங்க முடிச்சு தளர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி இறங்கி... மூசா பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்தான்.

ஆச்சி அழவில்லை, திட்டவில்லை. அவளுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. "பாவி, அவன் இதச் சொல்லிருக்கலாம்லா? அடியில என்னமோ கெடக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா யாரு பாக்க மாட்டேன்னாவ? ஒம்பது வருசமா அவன் பேரச் சொல்லிச் சொல்லி மண்ணை வாரித் தூத்திக்கிட்டு இருந்தேனே!"

"அவருக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சேன்" என்றாள் ஜாஹிரா. அப்படிச் சொல்லும்போதே அவள் கண் பெரிசாக விரிந்தது. ஏதோ ஒன்று அப்போதுதான் அவளுக்குள் இடிந்து விழுவதை மூசா பார்த்தான்.

"மூசா... கையில கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தாருல்லா? அன்னைக்கி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'ஜாஹிரா, நீ கார்ல எதும் கட்டுனியா'ன்னு கேட்டாரு. அடுத்தவுக கார்ல கைய வச்சதுக்குத்தான் கோவப்படுதாரோன்னு பயந்து, 'இல்ல'ன்னுட்டேன். 'சரி'ன்னாரு. அதுக்கு அப்புறம் அதப்பத்திக் கேக்கவே இல்ல. மறுநா கோர்ட்டுல 'என் தப்புதான்'னு சொல்லிட்டாரு."

மரத்தில் மோதி அந்தத் தகட்டுக்குள் கால் மாட்டிக் கிடந்தபோதே அண்ணன் கையை விட்டுத் தடவிப் பார்த்திருக்கிறான். கயிறு விரலில் தட்டுப்பட்டிருக்கிறது. இத்தனை வருஷமும் அண்ணன் ஊருக்குப் பயந்து ஓடியதாக அல்லவா மூசா நினைத்துக்கொண்டிருந்தான்!

ஆச்சி வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்து, புளியும் துருவுமாக இருந்த ஜாஹிராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏலே மூசா, கொழும்புக்குத் தந்தி குடு. நான் வரச் சொல்லுதேன்னு குடு. நம்பிராஜன் பிள்ளை பெண்டாட்டி கூப்பிடுதான்னு குடு."

"தாயத்து கெடச்சதப் போடட்டுமா, மைனி?" என்று மூசா கேட்டான்.

ஜாஹிரா பீவி முட்டாக்கைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"போடாத. சும்மா வரச் சொல்லு. வந்து, அன்னைக்கிக் கேட்டதத் திரும்ப எங்கிட்டக் கேக்கட்டும். இந்தத் தடவ ஆமான்னு சொல்லுதேன்."