முதலாளி வேடத்தில் ஒரு முதலாளி

அந்த நூலகத்தின் கீழ்த்தளத்தில் பத்திரிகை படிக்கும் அறை ஒன்று இருந்தது. ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததுதான் அது செய்த குற்றம். நிர்வாகக் குழுவுக்கு ஒருநாள் ஞானோதயம் வந்தது. மேசைகளை அப்புறப்படுத்தி, செய்தித்தாள் படிக்கிறவர்களைக் கழிப்பறைக்குப் போகும் நடையில் உட்கார்த்திவைத்து, அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, 'திறன் வாசல்' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். வேலை தேடுகிறவர்களுக்கு வழி காட்டுவதும், வேலைக்கு வேண்டிய திறமைகளை வளர்ப்பதும் அதன் நோக்கம் என்று சுவரில் எழுதியிருந்தது. மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய மூட்டை இருக்கைகள் வந்திறங்கின. தாழ உட்கார்ந்தால்தான் உயர்ந்த சிந்தனை வருமாம். உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டுமானால் இன்னொருவர் கை கொடுக்க வேண்டும்.

கை கொடுப்பதற்கு ஓர் ஆளையும் நியமித்திருந்தார்கள். அவர் சட்டையில் குத்தியிருந்த பட்டையில் 'முதுநிலை வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி' என்று இருந்தது. அவருக்குக் கீழே இளநிலை என்று ஓர் ஈ காக்கை கிடையாது. குழுவின் பொருளாளருக்கு மருமகனாகத் தேர்வானது நீங்கலாக, அவர் எந்தத் தேர்வுக்கும் போய் உட்கார்ந்ததில்லை. தண்ணீரில் கால் நனைக்காமல் நீச்சல் கற்றுத்தருகிறவருக்குத் தொண்டை நன்றாக இருந்தால் போதும். இவருக்கு இருந்தது.

புத்தகங்களும் உண்டு. நேர்முகத் தேர்வில் வெல்வது எப்படி, மேலதிகாரியிடம் பேசுவது எப்படி, கணினியில் கணக்கு எழுதுவது எப்படி என்று ஓர் அலமாரி நிறைய. அலமாரி பூட்டியிருக்கும். கைபட்டால் அட்டை மங்கிவிடும், குழுத்தலைவர் பார்வையிட வரும்போது பளபளப்பாக இருக்க வேண்டும் என்பது வழிகாட்டியின் கொள்கை. கணினியும் இருந்தது. 'தன்னை அறிதல்' என்ற தேர்வை எழுதி முடிக்காதவர் அதைத் தொடக்கூடாது.

இந்த இடத்துக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை சின்னவள் வந்து சேர்ந்தாள்.

சின்னவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் ஷிஃப்ட் மேற்பார்வை பார்த்தவள். சலவையை வெளி ஆளுக்குக் குத்தகை விட்டுவிட்டு மருத்துவமனை அந்தப் பிரிவை இழுத்து மூடியது. குடியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு, அவள் அண்ணன் வீட்டுக் கூடத்து சோபாவுக்குக் குடிபெயர்ந்தாள். அண்ணி பொல்லாதவள் அல்ல, போ என்று வாய் திறந்து சொன்னதில்லை. வீட்டுத் துணி மொத்தத்தையும் கொண்டுவந்து அவள் முன்னால் போடுவாள், அவ்வளவுதான். "இவளுக்குத்தான் துணின்னா உசிராச்சே" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகவும் சொல்வாள். அண்ணன் செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொள்வான். ஒரு வேலை, அந்த வேலையால் ஒரு கதவு, அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். சின்னவளுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

குத்தகை எடுத்தவர்கள் பக்கத்துத் தெருவில் புதிதாகச் சலவைக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு ஆள் தேவை, நேர்காணல் வியாழக்கிழமை, பொது நூலகத்தில் என்று வாசலில் எழுதி மாட்டியிருந்தார்கள். கட்டடத்தில் தரை இன்னும் காயவில்லை, உட்கார இடமில்லை. சின்னவள் தன் அனுபவத்தைக் கணினியில் தட்டி ஒரு தாளாக எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தாள்.

வழிகாட்டி அவளை மூட்டையில் அமிழ்த்தித் தன்னை அறியவைத்தார். நீங்கள் பறவையாக இருந்தால் என்ன பறவையாக இருப்பீர்கள் என்பது முதல் கேள்வி. கோழி என்று எழுதினாள்.

"ஏம்மா கோழி? கழுகுன்னு போடலாமே."

"கழுகு யார்கிட்டயும் வேலைக்குப் போறதில்லையே சார்."

அவர் முகத்தில் இரக்கம் சுரந்தது. "நிறைய வேலை இருக்கு உங்ககிட்ட" என்றார்.

"வேலை இருந்தா நான் ஏன் சார் இங்க வர்றேன். வியாழக்கிழமை இங்கதானே நேர்காணல் வெச்சிருக்காங்க?"

"ஆமா. ஒரு அம்மா கடிதம் போட்டிருக்காங்க, அறை வேணும், முதலாளியா வந்து கேள்வி கேக்கறேன்னு. நல்ல சேவை மனப்பான்மை."

திறன் வாசலில் வாராவாரம் பொய் நேர்காணல் நடக்கும். நடையில் பேப்பர் படிக்கிற ஓய்வுபெற்ற வங்கிக் குமாஸ்தா எவரையாவது பிடித்து வந்து, 'முதலாளி' என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்தி, ஒரு டீயும் வாங்கிக்கொடுத்து உட்காரவைப்பார்கள். உப்புக்குச் சப்பாணிகளாகவே பார்த்துப் பார்த்து, நிஜ முதலாளி என்று ஒரு பிராணி உலகத்தில் இருப்பதே வழிகாட்டிக்கு மறந்துபோயிருந்தது.

"சார், அந்த அம்மா நிஜமாவே முதலாளி. பக்கத்துத் தெருவுல சலவைக்கூடம் கட்டுறாங்க. நிஜ வேலை."

"அப்படித்தான் நினைச்சுக்கணும்" என்றார் வழிகாட்டி, கண்ணை மூடித் திறந்து. "நிஜம்னு நினைச்சாத்தான் பயிற்சி பலிக்கும்."

வேறு வகையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் அவளுடைய ஈடுபாட்டைப் பாராட்டினார். செவிடன் காதில் சங்கு ஊதி வாயை நோகடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை என்று சின்னவள் எழுந்துவிட்டாள். எழ முயன்றாள் என்பதே சரி. அவர் கை கொடுத்தார்.

வியாழக்கிழமை முதலாளியம்மாள் செருப்பில் சிமென்ட் தூளோடு வந்தார். வழிகாட்டி வரவேற்று அட்டையைக் குத்திவிட்டார். அரசாங்க இடம், ஏதோ விதி போலிருக்கிறது என்று அந்த அம்மாளும் தடுக்கவில்லை.

"எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"மூணு பேர். ரெண்டு பேர் தன்னை அறிதல்லயே திரும்பிப் போயிட்டாங்க. மன உறுதி பத்தலை."

முதலாளியம்மாளின் புருவம் சுருங்கியது. அவரும் மிஞ்சிய சின்னவளும் எதிரெதிர் மூட்டைகளில் புதைந்தார்கள். முழங்கால் இரண்டும் தோளுக்கு வந்துவிட்டன. கையில் மேசை மணியோடு வழிகாட்டி நடுவராக நின்றார்.

"ராத்திரி மெஷின் நின்னுபோச்சு. காலைல ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி போயாகணும். என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் முதலாளியம்மாள்.

"முதல்ல தியேட்டர் நர்ஸுக்குப் போன் போட்டு காலைல எத்தனை ஆபரேஷன்னு கேப்பேன். எத்தனை துணின்னு கேட்டா கூட்டித்தான் சொல்லுவாங்க. அப்புறம்…"

மணி அடித்தது.

"பதில் வறட்சியா இருக்கு. 'சவாலை நான் வாய்ப்பாகப் பார்க்கிறேன்'னு ஆரம்பிங்க."

"வயித்தைத் திறக்கறப்போ துணி இல்லைன்னா அதுல யாருக்கு சார் வாய்ப்பு?"

"கண் தொடர்பு போச்சு" என்று குறித்துக்கொண்டார் வழிகாட்டி. பிறகு மறுபக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களும் கொஞ்சம் தோரணையா கேளுங்க. முதலாளி மாதிரியே இல்லை."

"எப்படி இருக்கணும்?"

"பார்வையில ஒரு அலட்சியம் வேணும். போன வாரம் ஒரு குமாஸ்தா பிரமாதமா பண்ணினார். வெளியதான் பேப்பர் படிச்சிட்டிருக்கார், கூப்பிட்டுக் காட்டச் சொல்லவா?"

"வேண்டாம்" என்றார் முதலாளியம்மாள். அந்த ஒரு வார்த்தையில் அலட்சியம் நன்றாகவே வந்திருந்தது. வழிகாட்டி தலையாட்டி மெச்சினார்.

அந்த அம்மாள் ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லிவிட்டுச் சம்பளத்துக்கு வந்தார். மணி அடித்தது. சம்பளம் மூன்றாவது அமர்வில்தான் பேச வேண்டும் என்று திருத்தம் வந்தது. முதலாளியம்மாள் மணியைப் பார்த்தார், மணியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், கடைசியில் சின்னவளைப் பார்த்தார்.

"இவங்களை நீங்கதான் தயார் பண்ணினீங்களா?"

"முழுக்க என் பயிற்சிதான்" என்றார் அவர். "களிமண்ணா வந்தாங்க."

கடை ஷட்டரை இறக்கியது மாதிரி முதலாளியம்மாளின் முகம் மூடிக்கொண்டது. பையை எடுத்து மடியில் வைத்தார். இதற்குள் வழிகாட்டி தொண்டையைக் கனைத்து முடிவையும் அறிவித்துவிட்டார். "இந்தத் தடவை தேர்வாகலை. வருத்தப்படாதீங்க, முதல் தடவை யாரையும் தேர்வு பண்றதில்லை. பண்ணினா அப்புறம் யார் இங்க வருவாங்க?"

"சரி, நானும் கிளம்பறேன். கை குடுங்க" என்றார் முதலாளியம்மாள்.

வழிகாட்டி கையை நீட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கை அந்த அம்மாளைத் தூக்கிவிட்டால் வேலையும் கூடவே எழுந்து போய்விடும் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் சோபாவுக்கு முன்னால் அண்ணி கொண்டுவந்து போடப்போகும் துணி இப்போதே மூக்கில் மணத்தது.

"சார், நில்லுங்க" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஓடுகிற மெஷினில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுகிறவர்களிடம் அவள் வைத்திருந்த குரல் அது. வழிகாட்டி நின்றார்.

"நானும் அவங்களும் பேசி முடிக்கல. நீங்க வெளிய போங்க."

"இது என் இடம்மா."

"இருக்கட்டும். போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க. மணியையும் எடுத்துக்குங்க."

வழிகாட்டி போனார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாமனார் வீட்டில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தவருக்கு, எந்தக் குரலுக்கு எழுந்து போக வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். அவர் முறைப்படி கற்ற ஒரே திறன் அதுதான்.

முதலாளியம்மாள் அட்டையைக் கழற்றித் தரையில் போட்டார். "அவர்கிட்ட என்ன படிச்சீங்க?"

"ஒரு பறவை பேர் எழுதினேன். எழுந்திருக்கக் கை குடுத்தார். வேற ஒண்ணுமில்ல."

"மருத்துவமனைல எத்தனை பேரை மேய்ச்சீங்க?"

"பதினாலு பேர். அதுல நாலு பேர் இவர் மாதிரி."

முதலாளியம்மாள் சிரித்தார். சிரித்த கையோடு குரலையும் குழைத்துக்கொண்டார். "பாருங்க, ஆரம்பத்துல சம்பளம் கம்மியாத்தான் இருக்கும். ஆனா நம்ம இடத்துல எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி."

பூசி மெழுகுகிற வித்தை கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்விட்டது என்று நினைத்தது தப்பு என்று சின்னவளுக்குப் புரிந்தது.

"குடும்பத்துல சம்பளமில்லாமத்தான்மா இப்ப துவைச்சிட்டிருக்கேன். மருத்துவமனைல வாங்கினதைக் குடுங்க. அந்நியமாவே இருந்துக்கலாம்."

கண்ணாடிக்கு வெளியே வழிகாட்டி இரண்டு விரலால் உதட்டோரங்களை மேலே இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சிரிக்க வேண்டுமாம். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தச் சம்பளம் வேணும்னா ராத்திரி ஷிஃப்ட்டும் பாக்கணும்."

"பாக்கறேன்."

"திங்கக்கிழமை வந்துடுங்க."

"எழுத்துல குடுத்துடுங்கம்மா."

"ஏன், என் வாய் வார்த்தை போதாதா?"

"வாய் வார்த்தையெல்லாம் குடும்பத்துல வெச்சுக்கலாம்" என்றாள் சின்னவள்.

முதலாளியம்மாள் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, பையைத் திறந்து பேனாவைத் தேடினார்.