சதுப்பில் கேட்ட கேள்வி

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் மலாக்கியும் ப்ரீஜும் க்னாக்டூ குன்றில் ஏறுவது வழக்கம். சுற்றுலாக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. உச்சிக்குப் போனால் அதைவிட உயரமான குன்றுகள் தெரியும், அவ்வளவுதான். மலாக்கியின் ஆடுகள் அங்கேதான் மேய்ந்தன. ப்ரீஜ் ஊர் அஞ்சலகத்தில் வேலை பார்த்தாள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இவர்களுக்குள் என்ன என்று கேட்பதை ஊரும் எப்போதோ விட்டுவிட்டது.

அன்று பாதி வழியில் ப்ரீஜ் சொன்னாள்: "அஞ்சலகத்த மூடுறாங்க. என்னைக் கால்வே டவுனுக்கு மாத்தியாச்சு. அடுத்த மாசம் போறேன்."

"அப்படியா," என்றான் மலாக்கி. "மழை வரும்போல."

பிறகு, சிறு வயதிலிருந்து ஆடுகளை விலக்கி ஓட்டிவந்த பச்சைத் திட்டின் மேல் நேராகக் காலை வைத்தான். இடுப்புவரை சதுப்பு இழுத்துக்கொண்டது.

ப்ரீஜ் நின்று பார்த்தாள். "அது சதுப்புன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா இறங்கின?"

"யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

"நீயா?"

அவன் அசையவில்லை. அசைந்தால் இன்னும் உள்ளே போவான். மழை பிடித்துக்கொண்டது. அவள் சாய்ந்து கிடந்த வேலிக் கம்பு ஒன்றைப் பிடுங்கி வந்து, பூசைக்குப் போட்ட நல்ல கோட்டோடு குப்புறப் படுத்து நீட்டினாள்.

"ப்ரீஜ்."

"பேசாம பிடி."

"நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

அவள் இழுப்பதை நிறுத்தினாள். "இத்தனை வருஷம் காஞ்ச தரையில நின்னப்ப கேக்க வாயே வரல?"

"அப்பல்லாம் நீ எங்கயும் போகலையே."

"இப்பவும் போகத்தான் போறேன். உனக்காக வேலைய விடுவேன்னு நெனைக்காத."

"விட வேணாம். வெள்ளிக்கிழமை ஊருக்கு வர பஸ் இருக்கே."

"அது எப்பவும் லேட்டு."

"ஸ்டாப்புல நிக்கிறேன்."

அவள் கம்பை மறுபடி இறுக்கிப் பிடித்தாள். "சரி," என்றாள்.

"சரின்னா எதுக்கு? கல்யாணத்துக்கா, இழுக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான். கம்ப விட்டுடாத."

வெகுநேரப் போராட்டத்துக்குப் பின் அவன் கரையேறிப் புல்லில் மல்லாந்தான். அவன் முகத்துச் சேற்றைத் துடைக்க அவள் கையை நீட்டினாள். அவன் சேற்றுக் கையாலேயே அதைப் பிடித்துக்கொண்டான். அதற்கு முன் பிடித்ததில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை திருமணம் நடந்தது. திங்கள் காலை அவள் கால்வேக்கு வேலைக்குப் போனாள். ஆடுகள் குட்டி போடும் பருவம். அவன் குன்றுக்குப் போனான்.