ஈசான்ய மூலையில் ஒரு மலை

கிட்டு அண்ணன் வாரநாட்களில் அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் நகரில் டெலிகாம் மேனேஜர். சனி, ஞாயிறு ரியல் எஸ்டேட் ஏஜென்ட். கல்லூரியில் எனக்கு சீனியர். என் நிலத்தை விற்றுத் தரும் வேலையை அவரிடம் விட்டிருந்தேன்.

வந்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள். எல்லாரும் போனில் காம்பஸைத் திறந்தார்கள். வடகிழக்கில் இருந்த மண்மேட்டைப் பார்த்தார்கள். கிளம்பினார்கள். ஈசான்யத்தில் மேடு இருந்தால் குடும்பம் விளங்காதாம். என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

மேடு என் மனைவி வான்மதி போட்டது. குட்டை வெட்டிய மண்ணை அங்கேயே குவிக்கச் சொன்னாள். இரண்டு ஆள் உயரம். "ஏறி நின்னா நம்ம நெலம் முழுசும் தெரியணும்ல?" என்றாள். போன வருடம் இறந்துவிட்டாள். நிலத்தை வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. மேட்டை இடிக்கவும் முடியவில்லை.

"பாப்கேட் மண்வாரி வண்டி ஒண்ணு ரென்ட் எடுத்தா அரை நாள்ல லெவல் பண்ணிடலாம் தம்பி."

"வேண்டாம்ணா."

"அப்ப பில்டர் ஒருத்தன்தான் வாங்குவான். மேடு, குட்டை எல்லாத்தையும் வழிச்சுப்போட்டு வரிசையா வீடு கட்டுவான். பரவால்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் எல்வின்.

எல்வின் பிரிட்டனில் மழை ஓயாத வேல்ஸ் பகுதிக்காரர். செம்மறி ஆடு வளர்ப்பவர். அறுபதை நெருங்கியவர். அவர் மகள் அண்ணனின் ஆபீஸில் வேலை செய்தாள். பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். ஊரில் அவர் ஆடு மேய்த்த மலை குத்தகை நிலம். சொந்தக்காரர் அதில் மரம் நடப்போகிறாராம், ஆடுகளுக்கு இனி இடமில்லையாம். இது போதும் கிட்டு அண்ணனுக்கு. மூன்று வாரம் போனிலேயே அவரை அமெரிக்காவில் குடியேற்றிவிட்டார்.

சனிக்கிழமை காலை மூவரும் காரில் கிளம்பினோம். எல்வின் முன்சீட்டில்.

"சார், ஜூலை, ஆகஸ்ட், நோ ரெயின்!"

"மழையே பெய்யாதா?"

"ஒரு டிராப் கிடையாது சார்."

எல்வின் கண்களை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு பக்தி தெரிந்தது. உடனே ஊரிலிருந்த மனைவி நெரிஸைப் போனில் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார்.

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆளு விழுந்துட்டாப்ல. நீ உண்மை கிண்மையச் சொல்லித் தொலைச்சிறாத. நாம கிரீன் கார்டு கியூல நின்னே கெழவனாயிருவோம். இவரு பண்ணை வெக்கறேன்னு விசா அப்ளை பண்ணிட்டு நேரா வந்து எறங்கிருவாரு, பாரு."

நிலத்தின் கேட்டருகே போனதும் காரை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி உள்ளேயே உட்காரச் சொன்னார். எல்வின் ஏன் என்று கேட்டார்.

"ராகு காலம் சார். ஒரு பிளானட்டுக்கு டீ பிரேக்."

எல்வின் தலையாட்டினார். நியாயமாகத்தான் பட்டது போல.

பத்தரைக்கு இறங்கினோம். அண்ணன் கோல்ஃப் குடையை விரித்தார். வெயிலுக்கு அல்ல. எல்வின் எந்தப் பக்கம் திரும்பினாலும் குடை வடகிழக்கை மறைத்தது. மேட்டைப் பார்த்தால் எவரும் ஓடிவிடுவார் என்பது அண்ணன் கணக்கு. இருவரும் கல்யாண ரிசப்ஷனில் ஆடத் தெரியாமல் ஆடுகிறவர்களைப் போலச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"கரிசல் மண்ணு சார். ஃபுல்லி ஃபிளாட்! பந்தை வெச்சா உருளாது!"

எல்வினின் முகம் விழுந்தது. "மலை இல்லையா?"

"மலை எதுக்கு சார்?"

"ஆடு எங்கே ஏறும்?"

"எதுக்கு சார் ஏறணும்? புல்லுதான் கீழயே இருக்குதே!"

எல்வின் குனிந்து புல்லைப் பார்த்தார். "சரி. நான் எங்கே ஏறுவேன்?"

அண்ணன் தமிழில் என்னிடம் திரும்பினார். "போச்சு. முடிஞ்சுது. வாழ்நாளெல்லாம் ஏறுனவருக்கு இன்னும் ஏறணுமாம்." அந்தக் கவலையில் குடை சரிந்தது.

எல்வின் மேட்டைப் பார்த்துவிட்டார். அவர் பாஷையில் கத்தினார். ஓடினார். குடையோடு அண்ணன் பின்னால் ஓடினார்.

"சார்! வேண்டாம் சார்! ஃபயர் ஆன்ட்ஸ் சார்! ஐயோ தம்பி, ஈசான்யத்துல ஏர்றாரு பாரு! புடிடா!"

என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. எனக்கே புதிதாக இருந்தது. சிரிப்பு.

எல்வின் உச்சியில் நின்று வீடியோ காலில் மேட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நெரிஸ் சிரிப்பதை நிறுத்தவில்லை. "இதுதான் மலையா? இதுவா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கீழே அண்ணன் மூச்சிரைக்க நின்றார்.

"யார் போட்டது?" என்று எல்வின் என்னைக் கேட்டார்.

"என் மனைவி. இறந்துவிட்டாள்."

போனில் சிரிப்பு நின்றது. எல்வின் தொப்பியைக் கழற்றினார்.

அண்ணன் என் முழங்கையைக் கிள்ளினார். நான் நிறுத்தவில்லை. கோடையில் மண் வெடித்து விரல் உள்ளே போகும் என்றேன். கடிக்கும் எறும்பும் உண்மைதான் என்றேன். மழை வேண்டும் என்று நீங்களே ஏங்குவீர்கள் என்றேன். "இருந்தாலும் வாருங்கள். நீங்கள் வந்தால் இதை யாரும் இடிக்க மாட்டார்கள்."

"இடிப்பதா?" எல்வினுக்குக் கோபமே வந்தது. "எங்கள் ஊரில் ஒவ்வொரு குன்றுக்கும் பெயர் உண்டு. இதற்கு?"

"வான்மதி."

அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி நாளாகியிருந்தது. எல்வின் திருப்பிச் சொன்னார். போனில் நெரிஸும் சொன்னார். இருவரும் தப்பாகத்தான் சொன்னார்கள். பிறகு அவர்களுக்குள் நிறையப் பேசிக்கொண்டார்கள். எல்வின் நிமிர்ந்தார்.

"வாங்கிக்கொள்கிறோம். ஆனால் ஒரு மலை போதாது. நெரிஸுக்குத் தனியாக ஒன்று வேண்டுமாம். இதைவிட உயரமாக." எதிர்மூலையைக் காட்டினார்.

அண்ணன் காம்பஸைத் திறந்தார். முகம் மலர்ந்தது.

"கன்னி மூலை! தம்பி, தென்மேக்க ஒசத்தினா ஈசான்யம் தானா தணிஞ்சுரும்! தோஷமே இல்ல! சார், யூ ஆர் எ ஜீனியஸ் சார்!"

எல்வின் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன். அவள் போன பிறகு நான் இதில் ஏறியதில்லை. குட்டை, வேலி, கேட், கார். நிலம் முழுவதும் தெரிந்தது.

"நீங்களும் வாங்கண்ணா."

"வர்றேன், வர்றேன்." அண்ணன் குடையை மடக்கவில்லை. "மொதல்ல அந்த மேட்டப் போடச் சொல்லு."