கேள்வி செல்லக்கிளிக்கு

"பைத்தியத்துக்குக் கேக்குற கேள்விய எம் மககிட்டக் கேப்பீகளா?" காசிமாயன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த டாக்டரம்மாவின் கையில் ஒரே ஒரு தாள். மனம் சோர்ந்துபோன பிள்ளைகளைக் கண்டுகொள்ளச் சில கேள்விகள். பள்ளிக்கூடத்தில் பத்தாவது பிள்ளைகள் எல்லாரும் பதில் எழுதிவிட்டார்கள். காசிமாயன் மட்டும் நேரில் போய், மகள் செல்லக்கிளியின் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு வந்தார். அவள் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருக்கிறாள் என்று டீச்சர் சொல்ல, டாக்டரம்மா வீடு தேடி வந்துவிட்டார்.

வந்த நேரம் சரியில்லை. உள்ளே காசிமாயனின் அக்கா ஒச்சாயி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். தன் மகனுக்குச் செல்லக்கிளியைப் பரிசம் போட நாள் குறிக்க வந்தவள். மாடு வாங்குகிறவர்கள் மாட்டுக்காரரிடம்தான் விசாரிப்பார்கள், மாட்டிடம் கேட்பதில்லை. பெண் எடுப்பதிலும் எங்கள் பக்கத்து வழக்கம் அதுவே.

"கேக்கட்டும்டா தம்பி. நம்ம வீட்டுல ஒளிக்க என்ன இருக்கு?" என்றாள் ஒச்சாயி.

அக்கா பேச்சைத் தட்ட முடியாமல் காசிமாயன் வழிவிட்டார். "கேளுங்க. நான் சொல்றேன்."

"பொண்ணுல்ல சொல்லணும்?"

"எங்க வீட்டுல பொட்டப்புள்ளைக வாயத் தொறக்குற பழக்கமில்ல."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "ராத்திரி தூக்கம் வருதா?"

"அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவா." வாசலில் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விடுகிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

"பசி?"

"அம்புட்டையும் திம்பா." அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்ததும் திருத்திக்கொண்டார். "அளவாத்தேன் திம்பா."

"அழுகை வருதா?"

"சினிமாவுக்குப் போனா அழுவா."

"எம் மகனக் கட்டுனா அதுக்கும் நேரமிருக்காது," என்று ஒச்சாயி சிரித்தாள்.

அடுப்படி நிலைப்படியில் நின்ற செல்லக்கிளி தலையே நிமிரவில்லை. அவள் அம்மா சோலையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அதையெல்லாம் எங்கிட்டக் கேளுங்க டாக்டரம்மா. எனக்குத்தேன் கல்யாணம் ஆயிருச்சே. பேரு கெட்டா எந்த மாப்ள வேணாம்னு போகப்போறான்?"

"இது பதினெட்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும்மா."

"எனக்கு ஆரம்பிச்சதே பதினஞ்சுல. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த வருசம். எழுதிக்கங்க. தூக்கமில்ல. சோறு எறங்கல. கண்ணு செவந்தா, அடுப்புப் பொகைன்னு சொல்லிக்கிருவேன்."

"அடியேய்! அக்கா முன்னால என்ன பேச்சு?"

"மதினிக்குந்தேன் சொல்றேன். பொண்ணு கேட்டு வந்துருக்காகல்ல, தெரிஞ்சுக்கிரட்டும்."

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "செத்துரலாம்னு தோணுச்சாம்மா?"

"கெணத்து வரைக்கும் போனேன். இவ வயித்துக்குள்ள அசைஞ்சா. திரும்பிட்டேன்."

ஒச்சாயியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. மனைவிக்காகவும் ஏதாவது பதில் சொல்லிவிடக் காசிமாயன் வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டாள்.

"நாளு குறிக்கிறத அப்பறம் பாப்போம்டா தம்பி," என்று ஒச்சாயி சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாள்.

"போச்சு! குடும்ப மானமே போச்சு!" காசிமாயன் தலையில் கைவைத்தார்.

செல்லக்கிளி வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அப்பா, கொஞ்சம் வெளிய இருங்க," என்றாள். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, "மறுபடி தூக்கத்துல இருந்து கேளுங்க."