பில் ரோல்

அக்காவின் மகள் உள்ளறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நகத்தால் படம் வரைந்துகொண்டிருந்தாள். பேனா, பென்சில் எதுவும் இல்லை. அக்கா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். ரோல் தீரும்போது மிஞ்சும் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவருவாள். அதில் நகத்தால் கீறினால் போதும், கறுப்பாகக் கோடு விழும். யானை, பஸ், கண்ணாடி போட்ட நான். வரைந்து முடித்ததும் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள்.

கோடு எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியும். உரசும் சூட்டில் காகிதத்தின் பூச்சு கறுக்கும். அந்தப் பூச்சில் இருக்கும் ரசாயனம் கையில் ஒட்டும், தோலுக்குள் போகும், உடம்பில் ஹார்மோன் போலவே நடந்துகொள்ளும். வளரும் குழந்தைக்கு அது ஆகாது. இதை எப்படிச் சொல்வதென்று பல நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஆசையாகக் கொண்டுவருவது.

அன்று அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"இனிமே அந்தப் பேப்பர் கொண்டுவராதக்கா. அவ வாயில வைக்கிறா."

"ஆரம்பிச்சுட்டியா விஞ்ஞானி? போன மாசம் பிளாஸ்டிக் டப்பா. அதுக்கு முன்னாடி என் சென்ட். அடுத்து என்னையே தூக்கிப் போடச் சொல்லுவியா?"

"இது தொட்டாலே ஒட்டும்க்கா. சானிட்டைசர் போட்ட கைன்னா இன்னும் சீக்கிரம் உள்ள போகும். சின்னப் பிள்ளைங்களுக்கு..."

அதோடு நிறுத்திக்கொண்டேன். அக்காவுக்கு இது ஐந்தாம் மாதம். ரூபாய் நோட்டைத் தொட்டதும் சானிட்டைசரைத் தடவிக்கொண்டு, அந்த ஈரத்தோடு அடுத்த பில்லைக் கிழிப்பாள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"நாள் முழுக்க அதத்தானேடி கிழிக்கிறேன்," என்றாள்.

"கையுறை போட்டுக்கோ."

"மேனேஜர் கேட்டா?"

"டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லு."

"எந்த டாக்டர், நீயா?" சிரிக்கப் பார்த்தாள். "சரி, இவ்வளவு நாள் தொட்டது?"

கையில் இருப்பது சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும், உள்ளே போனதும் பெரும்பாலும் ஓரிரு நாளில் வெளியேறிவிடும் என்றேன். அது உண்மைதான். அவள் கேட்டது அதை இல்லை.

அம்மாவின் குரல் கேட்டுக் குழந்தை ஓடிவந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அக்கா குனிந்தாள். உள்ளங்கைகளை வெளிப்பக்கம் திருப்பி, இரண்டு முன்னங்கைகளுக்கு நடுவே அவளை இடுக்கித் தூக்கினாள்.

"அம்மா ரோபோ!" என்று குழந்தை கத்திச் சிரித்தாள்.

அக்கா அப்படியே நடந்துபோய்க் குழாய் முன்னால் நின்றாள். பத்து விரல்களும் காற்றில் விரிந்திருந்தன. எதைக் கொண்டு குழாயைத் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.